போணிக்கு முன்னால் வந்தவள்

உனக்கு,

இன்று அங்கன்வாடி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பிள்ளைங்களுக்கு விளையாட்டுக் கடை ஒண்ணு வெச்சிக் குடும்மா. முன்ன வேப்பமரத்தடியில வெச்சிருந்தியே, அது மாதிரியே" என்றார். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் தூண்டில் நரம்பின் வாடை, கடலும் மண்ணெண்ணெயும் கலந்தது. கொட்டாங்குச்சித் தராசில் நீ போட்ட முடிச்சுகளில் ஒன்றுகூட அவிழவில்லை.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. அப்பாவுக்குப் பள்ளிக்கூட மாற்றல் கிடைத்து, குத்தாலத்திலிருந்து நாங்கள் கோடியக்கரைப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமலும் ஏறக்குறைய ஒரு வருடம். கடை வைத்து விளையாடினால் சின்னக் குழந்தைகளுக்கு எண்ணும் பேச்சும் நன்றாக வரும் என்று ஒரு நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன். "வெக்கலாம்டி. நீ படி, நான் செய்யறேன்" என்றாய்.

அப்படியேதான் நடந்தது. டிவி வந்த அட்டைப்பெட்டியை அறுத்து நீ தட்டுகள் செய்தாய். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கழுவிச் சரம் சரமாகத் தொங்கவிட்டாய். சலித்த மணல் ரவை, இடித்த செங்கல் மிளகாய்த்தூள். உப்பு மட்டும் உண்மையான உப்பு, உப்பளத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தது. பூவரசு இலைதான் பணம். இலை பறிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகக் கரித்துண்டால் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் அட்டையும் வரைந்து வைத்தாய். அதன்முன் செல்போன் மாதிரி ஓட்டுச்சில்லைக் காட்டினால், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பணம் வரவு வைக்கப்பட்டது" என்று கடைகளில் பேசும் பெட்டியின் குரலில் சொல்வாய். தெருக் குட்டிகள் பாதிப்பேர் அதைக் கேட்கவே வாங்கினார்கள்.

நான் கல்லாவில் உட்கார்ந்தேன். நான் செய்த ஒரே வேலை, ஒரு நோட்டில் கடையின் விதிகளை எழுதியது. எல்லாம் உண்மையான கடை மாதிரியே இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அதற்காகவே தெருமுனை மளிகைக் கடையில் நின்று கவனிப்பேன். ஒருநாள் காலை உன் அம்மா மீன் கூடையோடு அங்கே வந்து தீப்பெட்டி கேட்டார். நீயும் பக்கத்தில் இருந்தாய். கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்காமல் புறங்கையை வீசி, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. இன்னும் போணி ஆகல" என்றார். அன்றைய முதல் விற்பனை கணவனை இழந்தவள் கையால் ஆனால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் எண்ணம். உன் அம்மா தள்ளி நின்றார். வேறு யாரோ வந்து பிஸ்கட் வாங்கிப் போன பிறகுதான் அவருக்குத் தீப்பெட்டி கிடைத்தது.

நான் வீட்டுக்கு வந்து எழுதினேன்: "விதி நான்கு. போணி, ராசியான கையால்தான் ஆக வேண்டும்." அந்த நோட்டும் பெட்டியில்தான் இருக்கிறது. எழுத்து அழகாகவே இருக்கிறது.

மறுநாள் நீதான் முதலில் வந்தாய், கையில் இலையோடு. "கால் கிலோ ரவை குடுங்க மொதலாளி."

"நீ வேணாம்டி. போணி ஆகட்டும்."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"உண்மையான கடையில அப்படித்தான். நீதான் பாத்தியே."

ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "ஆமா, பெரிய மளிகை. மண்ண விக்கறதுக்கு ராசி பாக்குறா."

அதற்குப் பிறகு தினமும் கேட்டாய். "இன்னிக்கி நான் போணி பண்றேன்டி. ஒரே ஒரு தடவ. யாவாரம் ஆகுதா இல்லையான்னு பாப்போம்." நான் விடவேயில்லை. உன் கையால் தொடங்கிய கடை ஒருநாள் முழுக்க ஓடுவதை நீ பார்க்க விரும்பினாய். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அதை உன் அம்மாவிடம் சொல்ல நினைத்தாய். அத்தனை விதிகள் எழுதிய எனக்கு அது புரியவில்லை.

கடைசியாக நீ வந்த காலையில் கண்கள் சிவந்திருந்தன. "உடம்பு சுடுதுடி. சீக்கிரம் குடு, போய்ப் படுக்கணும்" என்றாய். வேறு யாரும் இல்லை. நான் கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்தேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் எதிர்வீட்டு யாழினி ஓடி வந்தாள். நாலு வயது. "அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க. இன்னும் போணி ஆகல" என்று அந்தக் கடைக்காரரைப் போலவே புறங்கையை வீசினாள்.

நீ தள்ளி நின்றாய், உன் அம்மா நின்ற மாதிரியே. குழந்தை உப்பு வாங்கினாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். பாடம் நன்றாகப் பதிந்திருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. நிமிர்ந்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

அன்று மாலை காய்ச்சல் ஏறியது. நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் ஆம்புலன்சில் உன்னைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துக்க வீட்டில் யாரோ ஒரு பெண், "அந்தக் குடும்பத்துக்கே ராசியில்ல" என்றாள். எனக்கு அவள்மீது கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் இப்போது ஒன்பதாவது படிக்கிறேன். உன் அம்மா தினமும் காலையில் மீன் கூடையோடு மற்ற வீடுகளைத் தாண்டி நேராக எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார். "பாப்பாவ வரச் சொல்லுங்க" என்பார்.

"ஏன், நான் வாங்குனா ஆவாதா?" என்று என் அம்மா ஒருநாள் கேலியாகக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எம்மவ சொல்லிக்கிட்டே இருப்பா, 'அவளுக்கு நல்ல கை, அவகிட்ட போணி பண்ணிக்கம்மா'ன்னு. நெசமாத்தான். பாப்பா வாங்குனா மத்தியானத்துக்குள்ள கூடை காலியாயிடுது."

நீ அதை எப்போது சொன்னாய்? நான் உன்னைத் தள்ளி நிறுத்திய நாட்களிலா, அதற்கு முன்பா? உன் அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அவருக்கு இருக்கும் ஒரு நம்பிக்கையும் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயம்தான்.

அதனால் தினமும் கையை நீட்டுகிறேன். அவர் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். சில நாட்களில், பணத்தோடு என் விரல்களையும் சேர்த்து.