பாதியில் நின்ற சிரிப்புப் படம்

வே,

நம் மராத்திச் சீமை நிக்டியில் குளிர் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டரை உதறியபோது, அந்துருண்டை வாடையோடு நீர் கொடுத்த பென் டிரைவ் கீழே விழுந்தது. நீர் போய் இது இரண்டாவது குளிர்காலம்.

சிஞ்ச்வட் பட்டறையில் நமக்கு வியாழன்தான் விடுமுறை. உம் வீட்டம்மா வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். காலையில் கரண்டும் போய்விடும். மத்தியானம் மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் உம்மிடமிருந்து போன் வரும். "வந்துட்டு வே, கிளம்பும்." வழியில் நான் பாவோடு காரமான மிசல் குழம்பு வாங்கிக்கொண்டு உம் வீட்டுக்கு வருவேன்.

நீர் போடுவதெல்லாம் மூன்று நாள்கூட ஓடாத சிரிப்புப் படங்கள். இதை எல்லாம் எங்கே போய்ப் பொறுக்குகிறீர் என்று கேட்டால், "ஓடாத படத்துலதாம்வே மனுசன் பயமில்லாம கூத்தடிச்சிருப்பான்" என்பீர். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தீர். பாதியில் எழுந்திருக்கக் கூடாது, கடைசியில் ஓடும் லைட் பாய் பெயர் வரை உட்கார வேண்டும். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பேன். நீர் தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். முதலில் சிரிக்க எனக்கு எப்போதுமே கூச்சம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம் இந்த பென் டிரைவைக் கையில் திணித்தீர். "இதைப் பாத்துட்டு வந்து சொல்லும். சிலை திறப்பு விழா, ஆனா சிலை வந்து சேரல. ஒருத்தனுக்கு சில்வர் பெயின்ட் அடிச்சு நிறுத்திட்டானுவ." சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

நான் பார்க்கவில்லை. ஷிப்ட் மாறியிருந்தது என்பது பாதி உண்மை. நீர் இல்லாமல் தனியாக உட்கார்ந்து சிரிக்க எனக்குப் பிடிக்கவில்லை என்பது மீதி. அடுத்த வியாழன் உம்மைப் பார்க்க வந்தபோது முதல் கேள்வியே அதுதான்.

"படம் பாத்தீரா வே?"

"பாக்காம? பிரமாதம்."

"கடைசி சீன்?"

"அய்யோ, அதைக் கேக்காதேயும். வயிறு வலிச்சிட்டு."

"லைட் பாய் பேரு வரைக்கும்?"

"அதுவரைக்கும்தான்."

நீர் என்னை ஒரு தடவை பார்த்தீர். பிறகு சிரித்தீர் பாரும், அப்படி ஒரு சிரிப்பை நம் வியாழன்களில்கூட நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து "காகா, ஹளூ ஹளூ" என்று உம்மை மெதுவாகச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். படத்தை நினைத்துச் சிரிக்கிறீர் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதற்கடுத்த வியாழன் உமக்கு வாய்க்கவில்லை.

இன்றும் வியாழன்தான். கரண்ட் வந்ததும் பென் டிரைவைச் செருகினேன். அந்த சில்வர் ஆள் மூக்கரிப்போடு நிற்கிறான். மந்திரி திரையின் கயிற்றைப் பிடிக்கிறார். அத்தோடு படம் நின்றுவிட்டது. அதற்கு மேல் பைலில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னொரு பைலில் நீர் டைப் செய்த இரண்டு வரி மட்டும் இருந்தது: "பின்பாதி எங்கயும் கிடைக்கல வே. சிலை என்ன ஆச்சுன்னு நீரே யோசிச்சிட்டு வந்து சொல்லும்."

இல்லாத கடைசி சீனுக்கு வயிறு வலித்ததாகச் சொன்னவனைப் பார்த்துத்தான் அன்று அந்தச் சிரிப்பு. கூசிப்போனேன், வே. படுக்கையில் கிடந்த மனுஷன் கேட்டது ஒரு முடிவு. நான் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பொய். அது உம்மைச் சிரிக்க வைத்தது என் திறமையால் அல்ல.

ஆனால் கேட்டதைச் சொல்லியாக வேண்டும். மத்தியானம் முழுக்க யோசித்தேன். மிசல் ஆறிப்போயிற்று. இந்தாரும் முடிவு: மந்திரி கயிற்றை இழுக்கிறார். திரை விழுகிறது. செத்துப்போன தலைவரின் சிலை ஊர் அதிரத் தும்முகிறது. யாரும் ஓடவில்லை. மந்திரி மைக்கைப் பிடித்து, தும்மின பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நூறாயுசு" என்கிறார்.

தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளாகச் சிரித்தேன், வே.