அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள்

திருவல்லிக்கேணி,
14.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். உங்கள் கம்பெனி செம்பியன் அண்ணன் லீவு முடிந்து தம்மாம் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். இதையாவது முழுக்கப் படியுங்கள்.

நம் மகள் ஜுவேரியாவை வார்டுக்கு மாற்றி நாலு நாள் ஆகிறது. காய்ச்சல் இல்லை. காலையில் ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்த பிள்ளை. அங்கே சேர்த்த அன்று நீங்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, "அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

ஜனவரியில் அவள் கழுத்தில் வலிக்காத ஒரு கட்டி வந்ததும், தெருமுனை டாக்டர் சதையெடுத்துப் பார்க்காமலே டி.பி. கட்டி என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். பிள்ளை எட்டு கிலோ இளைத்தாள். தூங்கி எழுந்தால் தலையணை பிழிகிற மாதிரி வியர்வை. ஜூனில் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோய் என்றார்கள். போனில் அழுதேன். நீங்களும் அழுதீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அவகிட்ட சொல்லாதே. அக்காகிட்டயும் மூச்சு விடாதே. நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு."

நானும் அப்படியே செய்தேன். அவளுக்கு டி.பி.க்குப் புது மருந்து என்றேன். முடி கொட்டியதும் உங்கள் அக்காவிடம் டைஃபாய்டு என்றேன். டாக்டரம்மா பேசும்போதெல்லாம் பிள்ளையை வெளியே உட்காரவைத்தேன். மருந்து ஏற்றிய பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும், அப்போது காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அவர் சொன்னார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் முதல் தேதி ஆம்பூரில் என் சின்னம்மா மவுத்தானார். அடக்கத்துக்காக அன்று ஒரு பகல் மட்டும் ஜுவேரியாவைச் சிந்தாதிரிப்பேட்டையில் உங்கள் சகினா அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன்.

அது மருந்து ஏற்றிய பத்தாம் நாள். காலை பத்து மணிக்கே காய்ச்சல். அக்கா மாத்திரை கொடுத்து, கஞ்சி கொடுத்து, போர்த்திப் படுக்கவைத்திருக்கிறார். மையத்து வீட்டில் இருப்பவளை இதற்காக ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்குப் போன் செய்யவில்லை. நான் வந்து சேரும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு நடுக்கம் தூக்கிப் போட்டது, உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில்தான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "இன்னாத்துக்குடி மறைச்சே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலையிலயே தூக்கினு ஓடியிருப்பேனே! போத்திப் படுக்க வச்சிக்கினு இருந்தேனே, பாவி!" என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. கூட இருந்தவர்களிடம் சொல்லவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார்.

அந்த அக்காவைத்தான் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று பயந்தோம். இந்தப் பதிமூன்று நாளில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வந்து பிள்ளையின் காலைப் பிடித்துவிடுகிறார்.

கண் விழித்ததும் ஜுவேரியா டாக்டரம்மாவையே கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. இது ஒட்டிக்கொள்ளாது, அவள் செய்த எதனாலும் வந்ததில்லை, இந்த வகையில் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள் என்றார். மருந்து தள்ளிப்போய்விட்டதே என்பதுதான் அவருக்குக் கவலை. அவர் போன பிறகு இவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. "ஆஸ்பத்திரி போர்ட நானும் படிச்சேம்மா. நீங்க அது இல்லன்னு சத்தியம் பண்ணீங்க. நம்பினேன். தெரிஞ்சிருந்தா சகினா மாமிகிட்ட நானே சொல்லியிருப்பேன்ல?" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கிறாள், மச்சான்.

மறைக்கச் சொன்னது நீங்கள், மறைத்தது நான். எனக்கு இதில் பாதிக்கு மேல் பங்கு உண்டு. மீதியை நீங்கள் சுமக்க வேண்டும், அதை அங்கிருந்து சுமக்க முடியாது.

இருபத்தேழாம் தேதி அடுத்த மருந்து. அதற்குள் வாருங்கள். சாமான் எதுவும் வேண்டாம். உங்கள் போன் வந்தால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் எதிரே உட்கார்ந்து, உனக்கு இன்ன நோய், இது குணமாகும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுக்கும் நம் பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுள் தரட்டும். குணமாகும் என்று நானும் தினம் சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்வதை அவள் இப்போது நம்புவதில்லை.

இப்படிக்கு,
குல்சும்