ஆறு மணி நாடி

கருமாத்தூர்
9.2.1984

அன்புத் தங்கச்சி செல்லக்கிளிக்கு அக்கா ராமக்காள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்குத்தான் இருமல். பீடியை விடச் சொன்னால் இருமலை விட்டுவிடுகிறேன் என்கிறார். எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

இந்தத் தடவை வீட்டில் பெறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போன தடவை மருத்துவச்சி கொடி சுற்றியிருந்ததைப் பார்க்காமல் விட்டு, நீலம் பாரித்த பிள்ளையைத்தான் என் கையில் கொடுத்தாள். அதனால் உன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறேன். உனக்கு ராத்திரி டூட்டி என்றால் இன்னும் நல்லது. நீ பக்கத்தில் முழித்திருந்தால் எனக்குப் பயம் இல்லை. டாக்டரிடம் இப்போதே சொல்லி வை. பொங்கலுக்குத்தான் வரவில்லை, பதிலாவது உடனே போடு.

உன் அக்கா
ராமக்காள்

கே.கே. நகர், மதுரை
15.2.1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இங்கே வர வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே டாக்டரம்மா இருப்பார், ரத்தம் வேண்டுமென்றாலும் கிடைக்கும்.

பொங்கலுக்கு வராததற்குக் கோபிக்காதே. எங்கள் நர்ஸுகளில் ஒருத்தி சவுதிக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். பதினாலு படுக்கைக்கு நானும் ஆயா மலையம்மாளும்தான். பகல் டூட்டி முடிந்ததும் அதே சேலையில் ராத்திரி டூட்டி. டாக்டரிடம் கேட்டால் "ஆளு வந்துக்கிட்டே இருக்கும்மா" என்கிறார், மூன்று மாதமாக. நேற்று ஊசித் தட்டை ஏந்தி நடந்தபடியே தூங்கிவிட்டேன். சுவரில் முட்டிய பிறகுதான் தெரிந்தது. மலையம்மாள் என் கையைக் கிள்ளி, "ஏ கழுத, என்ன சாமியா ஆடுறே?" என்று சிரித்தாள்.

போன ஞாயிறு அரை நாள் லீவு கிடைத்தது. உன்னைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன். கண்டக்டர் எழுப்பியபோது உசிலம்பட்டி. உன் ஊர் எப்போது வந்து போனது என்றே தெரியவில்லை. அப்படியே திரும்பி டூட்டிக்கு வந்துவிட்டேன்.

இந்த ஆஸ்பத்திரி உனக்கு வேண்டாம். காரணம் கேட்காதே.

அன்புத் தங்கை
செல்லக்கிளி

கருமாத்தூர்
21.2.1984

செல்லக்கிளிக்கு,

உன் கடிதத்தை உன் மச்சான் மூன்று தடவை படித்தார். "ஒந் தங்கச்சி டவுன்காரியாயிட்டா. நம்ம காலுப் புழுதி அவுக மொசைக்குத் தரையில ஒட்டிக்கிரும்னு பாக்குறா" என்றார். அவரை வைதேன். ஆனால் படுத்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நம் அப்பன் அடுத்தவன் வயலில் கைகட்டி நின்றவர். அவர் மகள் வெள்ளைச் சேலை கட்டி மருந்துத் தட்டு ஏந்துகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேனே, அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லையா?

பங்குனி பிறந்ததும் வருவேன். வாசலில் வந்து நிற்பேன். துரத்துவதானால் நாலு பேர் பார்க்கத் துரத்து.

ராமக்காள்

கே.கே. நகர், மதுரை
27.2.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மச்சானிடம் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மார்கழிக் கடைசியில் மருது என்று ஒருவர் குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தார். லாரி மெக்கானிக். நாற்பது வயது இருக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரண்டு மணிக்கொரு தரம் நாடி பிடித்துப் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். நான் படுத்துத் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. விடிகாலை நாலு மணிக்கு எல்லோருக்கும் பார்த்து எழுதினேன். அந்தக் கையோடு ஆறு மணிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். பதினாலு பேருக்கும். இது புதுசு இல்லை அக்கா. இப்படி எழுதி வைத்தால் இரண்டு மணி நேரம் நாற்காலியில் தலை சாய்க்கலாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். மருதுவுக்கு எழுபத்தெட்டு என்று எழுதினேன்.

ஆறரைக்கு அவர் பெண்டாட்டி சீனியம்மாள் என் தோளைத் தொட்டு எழுப்பினாள். "சிஸ்டரு, இவுக கையி சில்லுனு இருக்கு. இன்னொரு போர்வை கெடைக்குமா?"

நாடி நின்றுபோயிருந்தது. வயிறு கல்லாக உப்பியிருந்தது. ஆபரேஷனில் ரத்தக் குழாய்க்குப் போட்ட கட்டு நழுவி உள்ளே ரத்தம் நிறைந்திருக்கிறது. நான் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு சுற்று நடந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

டாக்டர் வந்தார். சார்ட்டைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆறு மணிக்கு எழுபத்தெட்டு. நல்லாத்தான் இருந்திருக்காரு. மாரடைப்புக்கு யாரு என்ன செய்ய முடியும்? இல்லையா சிஸ்டர்?" நான் தலையாட்டினேன். சீனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பூரா முழிச்சுப் பாத்தியேம்மா" என்று அழுதாள்.

என்னை வேலையை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். அவர் ஏன் துரத்துகிறார்? நான் எழுதிய பொய்தான் அவர் செய்த ஆபரேஷனைக் காப்பாற்றுகிறது. அந்தச் சார்ட்டை என் நர்ஸிங் சர்டிபிகேட்டோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். லீவு கேட்டால் பீரோச் சாவியை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

இப்போதும் அதே இரண்டு டூட்டிதான். இப்போதும் தூங்கிவிடுகிறேன். தூங்கவே கூடாது என்று உட்கார்ந்தாலும் கண் எப்போது மூடியது என்று தெரிவதில்லை. திறந்ததும் ஓடிப்போய் ஒவ்வொருவர் மூக்கிலும் கை வைத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு படுக்கையில் நீ படுத்திருக்கக் கூடாது.

சீனியம்மாளுக்குக் கோச்சடையில் வீடு. சொல்லிவிடலாம் என்று போனேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

செல்லக்கிளி

கே.கே. நகர், மதுரை
16.3.1984

அக்கா,

என் கடிதம் வந்து சேர்ந்ததா? பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. பங்குனி பிறந்துவிட்டது. வாசலில் ஆட்டோ நின்றால் நீதானோ என்று எட்டிப் பார்க்கிறேன். வராதே. கோபத்தில்கூட இங்கே வந்துவிடாதே. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

செல்லக்கிளி

கருமாத்தூர்
2.4.1984

செல்லக்கிளிக்கு,

போன மாதம் பதினெட்டாம் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை.

அங்கேயும் ராத்திரிக்கு ஒரே நர்ஸ். நாற்பது படுக்கை. அவள் கண் இரண்டும் கோவைப்பழம். வலி விட்ட நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டீ வாங்கி வர உன் மச்சானை இரண்டு தடவை விரட்டினேன். "என்னக்கா, பிள்ள பெற வந்தியா, என்னையக் காவல் காக்க வந்தியா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்தியதில் பாதி வலிக்கு. பாதி அவள் தூங்கிவிடக் கூடாதே என்று. நாற்பது உசுருக்கு ஒருத்தியை வைத்தவன் எந்த மெத்தையில் படுத்துத் தூங்குகிறானோ தெரியவில்லை.

நீ தூங்கியதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று நாள் தூங்காமல் மாடுகூட நிற்காது. தலையாட்டினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பொம்பளை உன் கையைப் பிடித்து அழும்போதுகூட வாய் திறக்கவில்லையே.

கோச்சடைக்குப் போ. கதவைத் தட்டு. சர்டிபிகேட் பீரோவிலேயே கிடந்து செல்லரிக்கட்டும். சொல்லிவிட்டு இங்கே வா. பாய் விரித்துப் போடுகிறேன், இரண்டு நாள் ஆனாலும் எழுப்ப மாட்டேன்.

அவளிடம் சொல்லாமல் வந்தாலும் சோறு போடுவேன். பிள்ளையை மட்டும் உன் கையில் தர மாட்டேன். ஊரே வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிறது. நீ தூக்குவாய் என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராமக்காள்