ஓரம் அடித்த சேலை

ஆவணி 6, வெள்ளி

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அம்மனுக்கு விளக்கு, சர்க்கரைப் பொங்கல். சர்க்கரை மட்டு.

தம்பி முத்தையா வந்தான். ஆள் குறைப்பில் அவன் பேரும். அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் என் மகள் செல்லத்தின் சடங்கு. தாய்மாமன் சீராகப் புதுச்சேலை அவன்தான் வைக்கவேண்டும்.

"சேலைக்கு வழியில்லக்கா. தேங்கா பழத்தோட வந்து நிக்கிறேன். அது போதும்."

"சும்மா இரு. சேலைக்கு நானாச்சு."

வெறுந்தட்டோடு அவன் நிற்க, நாத்தனார் பார்ப்பதா? மாட்டேன்.

ஆவணி 9, திங்கள்

நல்ல வெயில். என் பழைய மஞ்சள் சேலை. நடுவில் நைந்ததை வெட்டி எடுத்தேன். நல்ல பாதி இரண்டையும் சேர்த்து ஒட்டுத்தையல். கட்டினால் கொசுவத்துக்குள் மறைந்துவிடும். சின்னப் பெண், நீளம் போதும்.

நைந்த துண்டு: சின்னவனுக்கு இடுப்புத்துணி, மீதி அம்மனுக்குத் திரி. குப்பைக்கு ஒரு நூல் போகவில்லை.

சீனர் மருந்துக்கடையில் சிவப்புச் சாயக்கட்டை. படிகாரம் வீட்டில் உண்டு. கொதிக்கவைத்து இருமுறை முக்கினேன். குங்கும நிறம்! கஞ்சி போட்டு நிழலில் உலர்த்தினேன். செம்பில் தணல் போட்டுத் தேய்த்தேன். முனை இரண்டும் பிரியாமல் பொடித்தையலில் ஓரம் அடித்தேன். புதுசேதான்.

அவர்: "இன்னிக்கி சோறு உண்டா, இல்ல சாயத் தண்ணிதானா?"

ஆவணி 15, ஞாயிறு

சடங்கு. மூட்டம். முத்தையா தட்டோடு வந்தான், சேலை மூலையில் மஞ்சள் தடவி. நாத்தனார் அதை விரித்தாள். முந்தானை முனையைத் தடவியவள் மலாய்க்காரி மாதிரி வாயில் கைவைத்தாள்.

"அலமாக்! கடைச் சேலைன்னா முனையில நூல் தொங்கும். இது ஓரம் அடிச்சுல்ல இருக்கு? எந்தக் கடைல வாங்குன முத்தையா?"

அவன் என்னைப் பார்த்தான்.

அடுத்த வீட்டுக் காத்தாயி குனிந்து பார்த்து என் பக்கம் கை காட்டினாள். "கடைய ஏன் கேக்குறீங்க? நம்ம பாக்கியம் தையல் தெரியாதா? என் ரவிக்கையிலயும் இதே பொடித்தையல்தான்."

நாத்தனார்: "அப்ப மாமன் சீரு அக்கா பொட்டியிலேருந்து வந்திருக்கு!"

ஒரே சிரிப்பு. நாத்தனார் தான் வாங்கிவந்த சேலையைச் செல்லத்துக்குக் கட்டிவிட்டாள். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முத்தையா இலையில் உட்காராமலே போய்விட்டான்.

ஆவணி 16, திங்கள்

தூக்கமில்லை. புதுச்சேலை முனை பிரிந்துதான் வரும், ஓரம் நாம்தான் அடிக்கவேண்டும். இந்தத் தோட்டத்தில் பாதிப்பேருக்குத் தைக்கிறவள், எனக்கா தெரியாது? கை தானாகப் போய்விட்டது.

போன ஆடியில் சாத்திய சேலையைத்தான் துவைத்து இந்த ஆடியிலும் அம்மனுக்குச் சாத்தினோம். யாரும் முனையைத் தடவவில்லை. தாயே, உனக்கு ஆகும், என் தம்பி கொடுத்தால் ஆகாதா?

சாயங்காலம் அவன் லயத்து வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும்.

"தேங்கா போதும்னு சொன்னேன்லக்கா."

ஆவணி 19, வியாழன்

தூறல். கப்பலுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. செல்லம் யாரையும் கேட்கவில்லை. சிவப்புச் சேலையைத் தானே சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்னால் நான். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில்.

"மாமா! நீங்க குடுத்த சேல! பாருங்க மாமா!"

லாரி மேலிருந்து பார்த்தான். அவளை, பின்னால் என்னை, வாசலில் நின்றவர்களை. தலையைத் திருப்பிக்கொண்டான்.