சும்மா சொல்லவில்லை

மார்ச் 3, திங்கள்
கேகாலைக் கடையில் இன்று ஏழு போன் சரி செய்தேன். எட்டாவதின் மூடியைத் திறக்கக் கை போகவில்லை. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, பசியில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு மட்டும் நேரம் தவறாமல் வருகிறது. எழுதிவிட்டேன். அதுவே பெரிய வேலை.

மார்ச் 4
என் அக்கா விஜயகலாவிடம் சொல்லிப் பார்த்தேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
"செத்துப் போயிடலாம் போல இருக்குக்கா."
"எனக்குந்தான். பைப்புல தண்ணி நிக்கிறதுக்குள்ள ரெண்டு வாளி புடிச்சிட்டு வா."
பிடித்து வந்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு பற்றாவிட்டாலும் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இதே பேச்சுதான். நிஜமாகவே தோன்றுகிறவன் எப்படித்தான் சொல்வது?

மார்ச் 5
முடியலடா.

மார்ச் 6
பகல் சாப்பாட்டு நேரத்தில், கடைக்குப் பின்னால் நின்று, மனநல உதவி எண் 1926க்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் பேசினேன். அந்த மொழியில் இதைச் சும்மா சொல்லிப் பழகியதில்லை. மறுமுனையில் பேசிய பெண் சுற்றி வளைக்காமல் கேட்டார்: உயிரை விட நினைக்கிறீர்களா? ஆமாம் என்றேன். இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து அழுதேன். வாளிக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்றே அக்காவை உட்காரவைத்துச் சொல்லுங்கள், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

மாலை, அக்காவின் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.
"உக்காருக்கா. அன்னிக்கு சும்மா சொல்லல. நெசமாத்தான் சொன்னேன்."
என் முகத்தையே பார்த்தாள். "நான் தண்ணி புடிக்க அனுப்பினேனே," என்றாள்.
தன் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டாள்.

மார்ச் 7
ஆஸ்பத்திரி. அக்கா அன்றைய பால் வெட்டுக்குப் போகாமல் கூடவே வந்தாள். டாக்டர் முக்கால் மணி நேரம் கேட்டார். மாத்திரை உண்டு, வாரம் ஒரு முறை வர வேண்டும். கடை முதலாளி றிஸாத் நானாவிடமும் நானே சொன்னேன். "வெள்ளிக்கிழம நீங்க போயிட்டு வாங்க, கடை ஓடிப் போகாது" என்றார்.

மார்ச் 19
மாத்திரையில் வாய் காய்கிறது. நேற்று மோசமான நாள். அக்காவிடம் சொன்னேன், பக்கத்திலேயே இருந்தாள்.

ஏப்ரல் 8
பசி திரும்பிவிட்டது. அக்கா ரொட்டியை ஒளித்து வைக்கிறாள்.

ஏப்ரல் 29
காலையிலிருந்து மழை, பால் வெட்டில்லை. அக்கா வாசலில் நின்று, "இந்த மழைக்கு செத்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.
"அலுப்பா இருக்கு தம்பி. அவ்வளவுதான்." பிறகு திரும்பினாள். "நீ எப்படி இருக்கே? சும்மா கேக்கல."
"இன்னிக்கு நல்லா இருக்கேன்க்கா."
மழை விட்டதும் இரண்டு வாளியையும் நான் எடுத்தேன். ஒன்றை அவள் பிடுங்கிக்கொண்டு கூட வந்தாள்.