செடி குடித்த மருந்து

பாப்பா,

நீ எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட்டேன். டாக்டரைப் பார்க்கத்தான். சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், கதவைத் திறந்துவிடு. வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

காலையில் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மண்மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. மாசாமாசம் ஏற்றுகிற ரத்தத்தால் உன் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற, நான் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை அது. எத்தனை நாளாக என்று கேட்கப் போவதில்லை. கோபமும் வரவில்லை. கையில் சொம்போடு அப்படியே நின்றேன், அவ்வளவுதான்.

நேற்று டாக்டரிடம், "உங்க மருந்து வேலையே செய்யல, இரும்பு ஏறிக்கிட்டே போகுது" என்று சண்டை போட்டது நான்தான். அவரும் இரண்டு மாத்திரையை மூன்றாக்கினார். திரும்பும்போது வழியெல்லாம் நீ ஏன் வாயே திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன். அதுவரை மாத்திரை எதுவும் போடாதே.

அம்மா

செடியைத் தூக்கி எறியவில்லை. பால்கனியில் இருக்கிறது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். "சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும்மா" என்று நீ சொன்னபோதெல்லாம், "சும்மா நடிக்காத" என்றேன். இன்று ஒன்றைக் கரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சுண்ணாம்புத் தண்ணிதான்.