சத்தமில்லாத வாய்ப்பாடு

8.1.1979 திங்கள்

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தாயிற்று. ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். பொகவந்தலாவைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆறு வருடமாக எனக்கு இதே கதைதான். ஆனால் என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் ஒரே குரல். இன்று வெளிவேலைக்கு மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வாசலில் நின்று, "டீச்சர், உங்க வாய்ப்பாடு ஏழாம் நம்பர் மலை வரைக்கும் கேக்குதுங்க" என்றார். சாயங்காலம் வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெருமை பாவம் என்று கோயிலில் பாதர் சொல்கிறார். அவர் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

மூன்றாம் வகுப்பு மருதாயியை முன்வரிசைக்கு மாற்றினேன். போன வருடம் வந்து சேர்ந்தவள், ஒன்பது வயது. அவளைப்போல் வாயை அகலத் திறந்து வாய்ப்பாடு சொல்ல ஆளில்லை. கையெழுத்தும் அச்சுப்போல. மற்றதுகள் பார்த்துப் பழகட்டும்.

14.2.79

சொல்வதெழுதல். மருதாயி வெறும் தாளைத் தந்தாள். இது மூன்றாம் முறை. கரும்பலகையில் இருப்பதை அச்சாக எழுதுகிற கை, நான் சொன்னால் மட்டும் எழுத மாட்டேன் என்கிறது. திமிர்தானே? அடிமட்டத்தால் விரலில் இரண்டு வைத்தேன். அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

15.3.79 வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

எட்டாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது பின்வாசலால் ஓர் ஆடு புகுந்து, நான்காம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய், பின்னாலிருந்தே "நிறுத்துங்க!" என்று கத்தினேன். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு தலை மட்டும் தாளத்துக்கு ஆடிக்கொண்டேயிருந்தது.

முன்னால் வந்து பார்த்தேன். மருதாயி வாயை அகலத் திறந்து, மூடி, திறந்து... ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. பக்கத்தில் இருக்கிற அழகம்மா அவள் முழங்கையைத் தட்டியதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினான்கு மாதம்! இந்தப் பிள்ளை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாக முன்னால் உட்கார்த்தி வைத்தேன். அவளைத்தான் அடித்தேன். சிசிலி, நீயெல்லாம் ஒரு டீச்சரா?

16.3.79

வேலை முடிகிற நேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். மழை. பெண்கள் தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். மழைக் கொழுந்து, தண்ணீர்ப் பாரம் என்று ஆளுக்கு ஒரு கிலோ கழித்தார் இராமையா கணக்கப்பிள்ளை. மருதாயி தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் வீரம்மாவுக்கு என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"மூணு வயசுல காய்ச்சலுங்க டீச்சர். பத்து நாளு. காய்ச்சல் போச்சு, காதையும் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சேத்திருப்பீங்களா?"

சேர்த்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"செவிடுன்னா பிள்ளைக்காம்பராவுல தொட்டில் ஆட்டத்தான் விடுவாங்க. அதான் நானே விளக்கு முன்னால உக்கார வச்சுப் பழக்கினேன். எல்லாரும் வாய அசைச்சா நீயும் அசை, சத்தம் மட்டும் விட்டுறாதேன்னு."

அவள் என்னை ஏமாற்றியதில் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

27.3.79

கடிதம் வந்திருக்கிறது. பாடசாலையை அரசாங்கம் பொறுப்பெடுக்கப் போகிறதாம். ஜூலையில் வட்டாரக் கல்வி அதிகாரி வந்து பெயர் இடாப்பைச் சரிபார்ப்பார். படிப்பிக்க முடியாத பிள்ளைகளின் பெயரைத் தனித்தாளில் எழுதித் தர வேண்டும். தனித்தாளுக்குப் போகிற பெயர் இடாப்பில் இருக்காது.

கொழும்புப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று வீரம்மாவிடம் சொன்னேன். "அம்புட்டுத் தொலைவுல பிள்ளைய விட்டுட்டு நான் எப்படிங்க கூடையத் தூக்குவேன்?" என்றாள்.

நான் என்னத்தைச் செய்ய? கரும்பலகையில் எழுதினால் பார்த்து எழுதுகிறாள். பொருள் தெரிகிறதா? தெரியவில்லை. 'மரம்' என்று எழுதிக் காட்டி மரத்தைக் காட்டினேன். சரி. 'நேற்று' என்று எழுதினால் எதைக் காட்டுவது?

31.3.79 சனி

இதை மறந்துவிடக் கூடாது.

கடைக்குப் போகப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். காற்றும் தூறலும். ஏழாம் நம்பர் மலையில் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளி காதை மூடியிருக்கிறது. கத்தினாலும் காற்று கொண்டுபோய்விடும். வீரம்மா கையைத் தலைமேல் வைத்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒருத்தி மேல் நிரைக்கு ஏறினாள். இன்னொருத்தி மார்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு தாய் கூடையை இறக்கிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள். துணியைப் பிழிவதுபோல் ஒருத்தி கையை முறுக்கினாள். மழைக் கொழுந்து, இன்றைக்கும் கழிப்பார்கள். பிறகு இராமையா கணக்கப்பிள்ளை நடக்கிறது போலத் தோளை ஆட்டிக் காட்டினாள். மலை முழுக்கச் சிரிப்பு.

பாதையோரம் குந்தியிருந்த மருதாயியும் சிரித்தாள். ஒரு நொடி பிந்தவில்லை. பிறகு அவள் கையை எடுத்து ஏதோ சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ஆறு வருடமாக இந்தப் பாதையில் போகிறேன். பெண்கள் கையை ஆட்டுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். வேலைக் களைப்பு, கையை உதறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்! ஒரு மலையே அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறது. பேசத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

7.4.79

லயத்து வீட்டுக்குப் போய் வீரம்மாவிடம், "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். வாயைப் பிளந்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். 'நேற்று' எது என்று கேட்டேன். தோளுக்குப் பின்னால் பெருவிரலை எறிவது. அவ்வளவுதான். என் கை மரக்கட்டைபோல இருக்கிறதாம். "டீச்சருக்கும் பிரம்பு ஒண்ணு எடுக்கவா?" என்று ஒருத்தி கேட்டாள். மருதாயி என் விரல்களைப் பிடித்துத் திருத்தினாள். அடிமட்டத்தால் நான் அடித்த அதே விரல்களால்.

21.5.79

ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்! தாய்மார் எல்லாரும் மலையில் நிற்கிறவர்கள். பிள்ளைகளுக்கு முதலே தெரியும். பாடசாலையில் கையை ஆட்டினால் நான் அடிப்பேன் என்றுதான் அடக்கி வைத்திருந்தார்களாம். அழகம்மாதான் சொன்னாள்.

இன்றைக்கு ஆறாம் வாய்ப்பாடு முழுவதும் கையால். மருதாயிக்கு ஒரு தவறும் இல்லை. இப்போது பொருளும் சேர்ந்துவிட்டது. கையால் சொன்னதை எழுத்தால் எழுதுகிறாள்.

கண்டாக்கையா எட்டிப் பார்த்து, "டீச்சர், இன்னைக்கு ஸ்கூல் இல்லீங்களா?" என்றார். பழைய பெருமை போயே போய்விட்டது. போகட்டும்.

11.7.79

நாளை அதிகாரி வருகிறார். சாயங்காலம் வீரம்மா வந்து நின்றாள்.

"ஒரு நாளைக்கு முன்ன மாதிரியே வாய அசைக்கட்டும் டீச்சர். பின்வரிசையில இருந்துக்குவா. கூட்டத்தோட கூட்டமாப் போயிரும்."

நடக்கக்கூடிய காரியம்தான். பதினான்கு மாதம் என்னையே ஏமாற்றியவர்கள். ஒரு மணித்தியாலம் இருக்கிற அதிகாரிக்கு என்ன தெரியப்போகிறது?

"அவளுக்குத் தெரியும் வீரம்மா. தெரிஞ்ச பிள்ளைய ஏன் ஒளிக்கணும்?"

"பேர வெட்டிட்டா?"

வெட்டினாலும் வெட்டுவார். ஆனால் ஒளிக்க மாட்டேன் என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். நான் செய்வது சரியா? என் வீம்புக்கு அவள் பிள்ளையைப் பணயம் வைக்கிறேனா?

12.7.79 வியாழன்

அடை மழை. அதிகாரி நனைந்து வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர். இடாப்பைப் பார்த்தார். தனித்தாளைக் கேட்டார். வெறும் தாளைக் கொடுத்தேன். மருதாயியைப் பற்றி நானே சொன்னேன்.

"காது கேளாத பிள்ளை இஞ்ச இருந்து என்ன படிக்கும், டீச்சர்?" என்றார்.

"கேட்டுப் பாருங்க ஐயா."

அவர் வாயால் ஒரு கணக்குச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தில் கைகள் அசைந்தன. யாரும் ஏவவில்லை. மருதாயி எழுதினாள், சரி. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவை விடையைக் காட்டிக் குடுக்கினம்" என்றார்.

எனக்கு வந்த கோபம்! "கேள்வியத்தான் ஐயா காட்டினாங்க. எல்லாரையும் சுவரப் பாத்து நிக்க வைக்கிறேன். நீங்களே புதுசா ஒண்ணு கேளுங்க" என்றேன். ஐம்பத்தாறு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். அழகம்மாவை மட்டும் கேள்வியைக் கைமாற்றிவிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

அவர் யோசித்து, "ஆறு பேர் கொழுந்து எடுக்கினம். ஆளுக்கு எட்டுக் கிலோ. மொத்தம் எவ்வளவு?" என்றார். அழகம்மாவின் கை சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பியது.

மருதாயி சுண்ணக்கட்டியை எடுத்தாள். 48 என்று எழுதினாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். 48-ஐ வெட்டினாள். 42 என்று எழுதினாள்.

"பிழை" என்றார் அதிகாரி. மெதுவாகத்தான் சொன்னார். பேனையைத் திறந்து தனித்தாளை இழுத்தார்.

வீரம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமே, பாவி.

மருதாயி அவருடைய முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நேராகப் போய் யன்னலில் மழையைக் காட்டினாள். துணியைப் பிழிவதுபோல் கையை முறுக்கினாள். ஒரு விரலைக் காட்டித் தள்ளினாள். ஆறு தரம் தள்ளினாள்.

"ஐயா, மழைக் கொழுந்து! ஆளுக்கு ஒரு கிலோ கழிப்பாங்க!" நான் கத்தியே விட்டேன். சுவரைப் பார்த்து நின்ற ஐம்பத்தாறு பிள்ளைகளும் அழகம்மாவும், "ஆமாங்க ஐயா, கழிப்பாங்க!" என்றார்கள். ஏழாம் நம்பர் மலைக்கு அது கேட்டிருக்கும்.

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு அது தெரியாது, பிள்ளை" என்று மருதாயியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குக் கேட்காது என்பதை அந்த நேரம் அவரே மறந்துவிட்டார். பேனையை மூடினார். தனித்தாள் வெறுமையாகவே பைக்குள் போனது.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். பாதர் என்ன சொன்னாலும் சரி, இன்றைக்கு எனக்குப் பெருமைதான்.

3.9.79

இடாப்பு திரும்பி வந்தது. வகுப்பு 3, எண் 11, மருதாயி. மேலே ஒரு கோடும் இல்லை. வீரம்மா ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

18.1.80

தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து செல்லசாமி என்பவர் நான்கு மைல் நடந்து, நடக்க முடியாத மகளை முதுகில் சுமந்து வந்தார். "இங்க சேத்துக்குவீங்கன்னு மலையில பேசிக்கிட்டாங்க" என்றார். யாரும் வாயால் பேசியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் பேச்சியம்மா. முதலாம் வகுப்பு.

24.6.81

மருதாயி சொல்வதெழுதலில் நூற்றுக்குத் தொண்ணூறு. நான் கையால் சொன்னேன். போன பத்துப் புள்ளிகள் என் கையின் தவறு என்கிறாள்!

11.1.1982 திங்கள்

மருதாயியையும் அழகம்மாவையும் ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பாடசாலை, ஆறாம் வகுப்பு. மூன்று வாரமாக இதே தவிப்பு. அங்கே எடுக்காவிட்டால் நாளைக்கே அவளுக்குப் பிள்ளைக்காம்பரா என்று கண்டாக்கையா சொல்லிவிட்டார். தலைமையாசிரியை ஒன்றரை மணித்தியாலம் எழுதிக் கேட்டார், அவள் எழுதிப் பதில் சொன்னாள். கடைசியில், இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருக்கட்டும், விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தருகிறேன் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மிதிபலகையிலேயே நின்றேன். ஏழாம் நம்பர் மலை வளைவில் பஸ் மெதுவாகும். பள்ளத்துக்கு அப்பால் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஐந்தும் பிறகு ஒன்றும் காட்டினேன். ஆறாம் வகுப்பு. மலை முழுக்கக் கைகள் உயர்ந்தன.

வீரம்மாவின் கை மட்டும் உயரவில்லை. அவள் தன் வாயைத் தொட்டாள். உதட்டை அசைத்துக் காட்டினாள். உள்ளங்கையை விரித்துக் கேட்டாள். அங்கே வாயை அசைத்தாளா?

இல்லை என்று தலையைப் பெரிதாக ஆட்டினேன். கம்பியை விட்டுவிட்டு, உள்ளங்கையில் மற்றக் கை விரலால் எழுதிக் காட்டினேன்.

"டீச்சர், உள்ள வாங்க, விழுந்திருவீங்க!" என்று கண்டக்டர் கத்தினார். வீரம்மா கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். யன்னலோரம் மருதாயி கையால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இல்லை, அவள் அம்மாவுக்கு.